மலைக்கோட்டையைத் தேடி வந்த ஓவியர்

திருச்சி மலைக்கோட்டையில் ஏறியிருக்கிறீர்களா, குட்டீஸ்? நானூறுக்கு மேல் படி. மேலே போவதற்குள் மூச்சு வாங்கிவிடும். ஆனால், உச்சிப்பிள்ளையார் சந்நிதிக்கு வெளியே வந்து வடக்கே திரும்பிப் பார்த்தால் கால் வலி மறந்தே போகும். கீழே காவிரி, அதைத் தாண்டிப் பச்சைப்பசேலென்று தோப்புகள், நடுவில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள், அதற்கும் அப்பால் வெள்ளிக் கோடு போல் கொள்ளிடம்.

1874-ல் இந்த மலையை வரைவதற்காக இங்கிலாந்திலிருந்து ஒரு தாத்தா வந்தார். அவருக்கு அப்போது 62 வயது. வட்டக் கண்ணாடி, காடு மாதிரித் தாடி, பருத்த உடம்பு. கண் பார்வை சரியில்லை. மூச்சிரைப்பு உண்டு. கையில் பென்சிலும் காகிதமும். பக்கத்தில் அவருடைய கிரேக்கப் பணியாளர் ஜார்ஜியோ. இவர்கள் இருவரும் ஏற்கெனவே பம்பாய், காசி, கல்கத்தா, டார்ஜிலிங், ஆக்ரா, டெல்லி, சிம்லா, புனே, ஹைதராபாத், சென்னை எல்லாம் சுற்றிவிட்டுத்தான் நம் ஊர்ப்பக்கம் வந்தார்கள்!

அந்தத் தாத்தாவின் பெயர் எட்வர்ட் லியர். ஆங்கிலப் பாட்டுப் புத்தகத்தில் ஆந்தையும் பூனையும் பச்சைப் படகில் ஏறிக் கடலுக்குப் போகும் பாட்டைச் சிலர் படித்திருப்பீர்கள். அதை எழுதியவர் இவர்தான். அர்த்தமே இல்லாத வேடிக்கைப் பாட்டுகளால் உலகமெங்கும் பெயர் வாங்கியவர். ஆனால், யாராவது அவரிடம் தொழில் என்ன என்று கேட்டால், ஓவியர் என்றுதான் பதில் வரும். பெரிய பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களால் பெயர் வாங்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் ஆசை.

லியர் 1812 மே 12-ம் தேதி லண்டனை அடுத்த ஹாலோவேயில் பிறந்தார். அந்த வீட்டில் மொத்தம் 21 குழந்தைகள். இவர் இருபதாவது! அப்பா பங்குச் சந்தையில் தொழில் செய்தவர். அதில் பெரிய நஷ்டம் வந்து குடும்பம் நொடித்துப் போனது. நான்கு வயசுப் பையனை, அவனைவிட 21 வயது மூத்த அக்கா ஆன் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஓவியம் வரையக் கற்றுக்கொடுத்ததும் அக்காதான்.

ஐந்தாறு வயதிலேயே அவருக்கு வலிப்பு நோய் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் அதைப் பற்றி வெளியே பேசவே மாட்டார்கள்; கேவலமாக நினைப்பார்கள். அதனால் லியர் கடைசி வரை அதை நண்பர்களிடமும் மறைத்தார். வலிப்பு வந்த நாட்களில் நாட்குறிப்பில் ஒரு சின்னப் பெருக்கல் குறி மட்டும் போட்டு வைப்பார். அவர் இறந்த பிறகுதான் அந்தக் குறிகளின் அர்த்தம் மற்றவர்களுக்குப் புரிந்தது. வலிப்பு நோய் ஒட்டுவாரொட்டி இல்லை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று இன்று நமக்குத் தெரியும். அன்று அவரிடம் அதைச் சொல்ல யாரும் இல்லை.

பதினைந்து வயதில் சாப்பாட்டுக்காகவே படம் வரைய ஆரம்பித்தார். கடைகளுக்கு விசிறிப் படம், மருத்துவர்களுக்கு நோயாளிகளின் படம் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பதினெட்டு வயதில் ஒரு துணிச்சலான காரியத்தில் இறங்கினார். லண்டன் மிருகக்காட்சி சாலையில் இருந்த கிளிகளை எல்லாம் வரைந்து புத்தகமாகப் போடுவது!

அதுவரை பறவைகளை வரைந்தவர்கள் பெரும்பாலும் செத்த பறவையைப் பஞ்சடைத்து வைத்துத்தான் வரைந்தார்கள். லியர் உயிருள்ள கிளிகளின் கூண்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கூண்டுக்காரர் கிளியைப் பிடித்துக்கொள்வார். இவர் சிறகை அளப்பார், அலகை அளப்பார். பிறகு அச்சுக் கல்லில் தன் கையாலேயே வரைவார். கல்லில் வலது பக்கம் பார்க்கும் கிளி, காகிதத்தில் அச்சாகும்போது இடது பக்கம் பார்க்கும். ஆகவே எல்லாவற்றையும் கண்ணாடியில் பார்ப்பது போல மாற்றி வரைய வேண்டும். இப்படி 42 படங்கள். மொத்தம் 175 பிரதிகள்தான் போட்டார். பணம் அதிகம் வரவில்லை. ஆனால், பெயர் வந்தது. பிரேசில் நாட்டில் வாழும் ஒரு பெரிய நீலக் கிளிக்கு இன்றும் 'லியர் மக்கா' என்றுதான் பெயர்.

கிளிப் படங்களைப் பார்த்த டெர்பி பிரபு குடும்பத்தார், தங்கள் பண்ணையில் வளர்த்த விலங்குகளையும் பறவைகளையும் வரைய அவரை அழைத்தார்கள். பகலில் விலங்குகளை வரைவார். மாலையில் அந்த வீட்டுப் பிள்ளைகளைச் சிரிக்க வைக்க ஐந்து வரிப் பாட்டுகள் எழுதி, பக்கத்திலேயே கோணல்மாணலாகப் பொம்மையும் போட்டுக் கொடுப்பார். தாடியில் குருவி கூடு கட்டிய தாத்தா போன்ற ஆட்கள் எல்லாம் அதில் வருவார்கள். 1846-ல் அது புத்தகமாக வந்தது. முதலில் தன் பெயரைப் போடாமல், ஒரு பொய்ப் பெயரில் வெளியிட்டார்.

இதனால் ஒரு வேடிக்கை நடந்தது. பிறகு ஒருநாள் அவர் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஒருவர், லியர் என்று ஓர் ஆளே கிடையாது என்று மற்றவர்களிடம் அடித்துச் சொன்னார். இங்கிலீஷில் பிரபுவுக்கு 'ஏர்ல்' என்று பெயர். அந்த நான்கு எழுத்துகளை இடம் மாற்றினால் 'லியர்' வரும். ஆகவே புத்தகம் எழுதியது டெர்பி பிரபுதான் என்பது அவர் கண்டுபிடிப்பு! லியர் பேசாமல் தன் தொப்பியைக் கழற்றி, உள்ளே எழுதியிருந்த தன் பெயரைக் காட்டினார். கைக்குட்டையையும் காட்டினார். அதற்குப் பிறகுதான் அந்த மனிதர் வாயடைத்துப் போனார்.

சரி, கிளி வரைந்தவர் மலை வரையப் போனது எப்படி? இறகு இறகாக வரைந்து வரைந்து அவர் கண் கெட்டது. லண்டன் குளிரும் புகையும் நுரையீரலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. 1837-ல் இத்தாலிக்குப் போனார். அதிலிருந்து பருவங்கள்தான் அவருக்கு எஜமான்! குளிர்காலம் வந்தால் ரோம், கோர்பு தீவு என்று வெயில் உள்ள ஊருக்கு ஓடுவார். வசந்தத்தில் மலைகளிலும் காடுகளிலும் நடந்து படம் வரைவார். கோடையில் இங்கிலாந்துக்கு வந்து அவற்றை விற்பார். கிரேக்கம், அல்பேனியா, எகிப்து, பாலஸ்தீனம் என்று ஓரிடத்தில் நிற்காமல் சுற்றினார்.

1846-ல் விக்டோரியா மகாராணிக்கே ஓவியம் சொல்லிக்கொடுக்க அழைப்பு வந்தது. பன்னிரண்டு பாடங்கள் நடத்தினார். அரண்மனையில் குளிர் தாங்காமல், கணப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொகுசாக நிற்பாராம். உடனே ஓர் அதிகாரி வந்து, அதைப் பாருங்கள் இதைப் பாருங்கள் என்று அவரை நைசாக நகர்த்திவிடுவாராம். ராணியின் முன்னால் அப்படி நிற்பது மரியாதை இல்லை என்பது லியருக்குப் பிறகுதான் தெரிந்தது.

ராணிக்கே குரு! இனி என்ன குறை என்று நினைப்பீர்கள். லியருக்கு ஒரு குறை இருந்தது. மலை, மரம், கடல் எல்லாம் அவர் கைக்கு அடங்கின. ஆட்களைப் போடும்போது மட்டும் கை தடுமாறியது. வேடிக்கைப் புத்தகத்தில் குச்சிக் கையும் குடமூக்கும் உள்ள ஆளைப் போட்டால் எல்லாரும் சிரிப்பார்கள். பெரிய ஓவியத்தில் போட்டாலும் சிரித்துவிட்டால்? முறையான பள்ளியில் சேர்ந்து மனித உடலை வரையக் கற்றுக்கொள்ளாதது அவரை அரித்துக்கொண்டே இருந்தது.

அதனால் 1850-ல் என்ன செய்தார் தெரியுமா? லண்டன் ராயல் அகாடமி ஓவியப் பள்ளிக்கு நுழைவுப் படம் வரைந்து அனுப்பி, மாணவராகச் சேர்ந்துவிட்டார்! அப்போது அவருக்கு வயது 37. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் பதினாறு, பதினெட்டு வயதுப் பையன்கள். நடுவே இவர், தடித்த கண்ணாடியோடு பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படிப்பு நெடுநாள் தொடரவில்லை. சிரமம்தான் பெரிதாக இருந்தது.

இரண்டு வருடம் கழித்து, 1852-ல், ஹோல்மன் ஹன்ட் என்ற இளம் ஓவியரைச் சந்தித்தார். ஹன்ட் இவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். ஆனால், எண்ணெய் வண்ணத்தில் புலி. லியர் தன் பழைய பென்சில் படங்களைக் காட்டி, இவற்றை எண்ணெய் வண்ணமாக மாற்றுவது எப்படி என்று கேட்டார். ஹன்டின் பதில் எளிமையானது. அறைக்குள் உட்கார்ந்து நினைவில் இருந்து வரையக்கூடாது. பாறை வேண்டுமானால் பாறைக்கு முன்னால் உட்கார வேண்டும். அத்திமரம் வேண்டுமானால் அத்திமரத்தைத் தேடிப் போக வேண்டும். அந்தக் கோடையில் இருவரும் கடலோரம் ஹேஸ்டிங்ஸ் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் தங்கி வெளியிலேயே வரைந்தார்கள். லியர் வரைந்துகொண்டிருந்ததோ இத்தாலியில் பார்த்த கல்குவாரி. அதற்காக இங்கிலாந்திலேயே அதே மாதிரிப் பாறையைத் தேடிப் பிடித்தார்கள்! நாற்பது வயது லியர், இருபத்தைந்து வயது ஹன்டை அன்று முதல் 'அப்பா' என்று அழைக்க ஆரம்பித்தார்.

லெபனான் நாட்டுத் தேவதாரு மரங்களைப் பெரிய எண்ணெய் ஓவியமாக வரைய ஆசைப்பட்டபோதும் அப்படித்தான். லெபனானில் ஏற்கெனவே பார்த்து வரைந்திருந்தார். ஆனாலும் இங்கிலாந்தில் அந்த மரம் வளரும் ஒரு தோட்ட ஹோட்டலைத் தேடிக் குடியேறி, குளிரில் வரைந்தார். விலை 735 பவுன் என்று வைத்தார். யாரும் வாங்கவில்லை. ஆறு வருடம் காத்திருந்து, மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் அதைக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஓவியத்தைத் தன் வாழ்நாளின் பெரிய சாதனையாக நினைத்தவருக்கு அது எவ்வளவு வலித்திருக்கும்!

இந்த நேரத்தில்தான் இந்தியா வருகிறது. அப்போதைய வைஸ்ராய் நார்த்புரூக் பிரபு லியரின் பழைய நண்பர். தன் செலவில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்து வரையும்படி அழைத்தார். 1872-ல் கிளம்பிய லியர், உடம்பு சரியில்லாமல் சூயஸிலிருந்தே திரும்பிவிட்டார். அடுத்த வருடம் மீண்டும் கிளம்பி, 1873 நவம்பர் 22 அன்று பம்பாயில் வந்து இறங்கினார்.

இறங்கியதும் அவருக்குப் பைத்தியமே பிடித்தது போல் ஆகிவிட்டது. அவ்வளவு நிறங்கள், அவ்வளவு மரங்கள், அவ்வளவு மனிதர்கள்! எதை முதலில் வரைவது? காசியில் படித்துறைக் கூட்டத்தைப் படகில் இருந்தபடி வரைந்தார். ஜனவரிக் குளிரில் டார்ஜிலிங்குக்கு ஏறி, கஞ்சன்ஜங்கா சிகரத்தில் சூரிய ஒளி படுவதைப் பார்த்தார். வெயில் ஏறியதும் சிம்லா மலைக்குப் போனார். ஜூன், ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. புனேயில் தங்கி, வெளியே போக முடியாமல், அதுவரை வரைந்த படங்களுக்கு மை போட்டுக்கொண்டிருந்தார். மழை நேரத்தில் சும்மா இராமல், தோபி, பங்கா என்று காதில் விழுந்த நம் ஊர்ச் சொற்களை எல்லாம் வேண்டுமென்றே தப்புத் தப்பாகப் போட்டு ஒரு பாட்டும் எழுதினார். அதில் 'கமர்பந்த்', அதாவது இடுப்புத் துணி, ஆளை விழுங்கும் ராட்சசனாக வரும்! பம்பாய்ப் பத்திரிகையில் அது 1874-ல் அச்சானது.

பிறகு தெற்கே வந்தார். சென்னை, காஞ்சிபுரம், மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர். அன்று சென்னையிலிருந்து ஈரோட்டைச் சுற்றித்தான் திருச்சிக்கு ரயில் பாதை. இன்று நாம் ஐந்து மணி நேரத்தில் வந்து சேரும் விழுப்புரம், அரியலூர் வழி அப்போது கிடையாது.

ஆவணி, புரட்டாசி சமயம் அது. மேட்டூர் அணை 1934-ல்தான் வந்தது. அதற்கு முன்பு குடகில் பெய்த மழை, தடுக்க ஆளில்லாமல் நேராக நம் காவிரிக்கு வந்துவிடும். நுங்கும் நுரையுமாக ஆறு போகிற பருவம். சமவெளியின் நடுவே, யாரோ கொண்டுவந்து வைத்தது போல 83 மீட்டர் உயரத்துக்கு ஒரு பாறை, தலையில் கோயில், அடியில் தெப்பக்குளம், சுற்றிலும் ஓட்டு வீடுகளும் தென்னையும். எந்த ஓவியருக்குத்தான் கை பரபரக்காது? லியருக்கு 80 வருடம் முன்பே, 1792-ல், தாமஸ் டேனியல் என்ற ஓவியரும் அவருடைய அண்ணன் மகன் வில்லியமும் வந்து, காவிரியில் இருந்து பார்த்த மலைக்கோட்டையை வரைந்து போயிருந்தார்கள்.

ஒன்று தெரியுமா? லியர் காலத்து ஓவியர் யார் வரைந்த படத்திலும் ஸ்ரீரங்கத்தின் 13 நிலை ராஜகோபுரத்தைப் பார்க்க முடியாது. அப்போது அது அடிப்பகுதியோடு நின்று போன மொட்டைக் கோபுரம். சுமார் 72 மீட்டர் உயரத்துக்கு அது எழும்பி முடிந்தது 1987-ல்தான். உங்கள் அப்பா, அம்மாவில் சிலர் அது வளர்வதைக் கண்ணால் பார்த்திருப்பார்கள். வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

இனி லியர் எப்படி வேலை செய்தார் என்று பார்ப்போம். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். எண்ணெய் வண்ணம் என்பது நிறப் பொடியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது. அது காய நாள் கணக்கில் ஆகும். ஈரமாக இருக்கும்போது புழுதி ஒட்டும், பூச்சி ஒட்டும். அதை மாட்டு வண்டியில் வைத்து ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? அதனால் பயணத்தில் பென்சில்தான். விடியற்காலையில் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் இடம் பிடித்து உட்காருவார். மலையின் கோடு, மரத்தின் கோடு, வண்டி, மாடு, குடம் தூக்கிப் போகும் ஆள் என்று வேகமாகப் போட்டுக்கொள்வார். ஓரத்தில் தேதி, நேரம், படத்தின் எண் எழுதுவார்.

நிறத்துக்கு என்ன செய்வது? அதையும் எழுதிவிடுவார்! இங்கே வெளிர் ஊதா, இங்கே கரும்பச்சை, இங்கே மணல், இங்கே நிழல் என்று படத்தின் மேலேயே குறிப்புகள் இருக்கும். அதிலும் குறும்பு. 'ராக்ஸ்' என்றால் பாறைகள் அல்லவா? அதை வேண்டுமென்றே தப்பான எழுத்துகளில் எழுதுவார். ஸ்பெல்லிங் தப்புக்காகத் திட்டு வாங்குபவர்கள் மகிழலாம். ஆனால், இவருக்குச் சரியான ஸ்பெல்லிங் தெரியும்!

மாலையில், அல்லது மழை நாளில், பென்சில் கோட்டின் மேல் மையால் போடுவார். அதன்மேல் லேசாக நீர்வண்ணம். இந்தப் படங்கள் அவருக்கு விதைநெல் மாதிரி. ஊருக்குத் திரும்பிய பிறகு, குளிர்காலத்தில் அறையில் உட்கார்ந்து, இவற்றைப் பார்த்துத்தான் பெரிய எண்ணெய் ஓவியம் வரைவார்.

ஜார்ஜியோவைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். கோர்புத் தீவைச் சேர்ந்த அவர், 1856 முதல் லியரிடம் வேலை பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாமல் வந்தவருக்கு லியரே எழுத்துக் கற்றுக்கொடுத்தார். கண் தெரியாத எஜமானருக்குப் பெட்டி தூக்கி, சமைத்து, மோசமான வழிகளில் கை பிடித்துக் கூட்டிப்போனவர் அவர்தான். இலங்கைக்குப் போனபோது ஜார்ஜியோவுக்குக் கடுமையான வயிற்றுப்போக்கு கண்டது. அப்போது எஜமானர் பணியாளருக்குச் சேவை செய்தார். லியருக்கும் படகில் ஏறும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டது. இதற்கு மேல் முடியாது என்று 1875 ஜனவரியில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறினார்கள். பெட்டிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள்!

இத்தாலியின் சான் ரெமோ ஊரில் லியருக்குச் சொந்த வீடு இருந்தது. அங்கே உட்கார்ந்து கஞ்சன்ஜங்காவைப் பெரிய எண்ணெய் வண்ண ஓவியமாக வரைந்தார். ஒன்று வைஸ்ராய்க்கு, மற்ற இரண்டு, கேட்ட வேறு இருவருக்கு. மேலே பனிச் சிகரம். கீழே அடர்ந்த காடு. முன்பக்கத்தில் ஒரு சின்னப் புத்தர் கோயில். அதன் அருகே மனிதர்கள். ஆமாம், ஆட்கள்! சின்னதாக, காட்டோடு காடாகப் பொருந்தி நிற்கிறார்கள். பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

பிறகு அவர் வீட்டுக்கு முன்னால் ஒரு பெரிய ஹோட்டல் எழும்பியது. கடலை மறைத்தது மட்டுமா, வெள்ளைச் சுவரில் வெயில் பட்டு எதிரொளித்து அறையின் வெளிச்சத்தையும் கெடுத்துவிட்டது. ஓவியருக்கு வெளிச்சம் போனால் எல்லாம் போச்சு. வேறு இடம் வாங்கி, பழைய வீட்டைப் போலவே அச்சு அசலாக இன்னொரு வீடு கட்டினார். தன் பூனை பாஸ் வழி தெரியாமல் குழம்பக்கூடாதே என்றுதான் அப்படிக் கட்டினார் என்று சொல்வார்கள். வால் அறுந்த, அழகில்லாத, பருத்த பூனை அது. அதையும் விடாமல் படமாகப் போட்டிருக்கிறார்.

1883-ல் ஜார்ஜியோ இறந்தார். 1887-ல் பாஸும் போயிற்று. அதைத் தோட்டத்தில் புதைத்த சில மாதங்களில், 1888 ஜனவரி 29 அன்று, லியர் காலமானார்.

அவர் பாடுபட்ட எண்ணெய் ஓவியங்களில் தேவதாரு மரப் படம் இன்று எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஆனால், விற்பதற்கென்று வரையாத அந்தப் பயணப் படங்கள் பிழைத்துக்கொண்டன. அவற்றில் ஆயிரக்கணக்கானவை அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. இந்தியாவில் வரைந்தவையும் அங்கே உண்டு. உற்றுப் பார்த்தால் வண்ணத்துக்கு அடியில் அந்தப் பென்சில் எழுத்துகள் இன்னும் தெரிகின்றன: தேதி, நேரம், நிறத்தின் பெயர், கூடவே தப்பான ஸ்பெல்லிங்கில் ஒரு பாறை.